மறுபடி கடை பூட்ட நேர்ந்தால்: கொடுப்பனவு, தவணை ஒத்திவைப்பு, 4 வீதக் கடன், நகை அடகு – எதை எடுப்பது?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு கொவிட் தொற்றால் இலங்கை முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துப் புடவைக் கடைக்காரர்களுக்கு அதைவிடப் பொல்லாத நேரம் வந்திருக்க முடியாது. சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சேர்த்துச் சரக்கு இறக்கி வைத்திருந்தார்கள். கொழும்பு மொத்த வியாபாரிக்குத் திகதி போட்டுக் கொடுத்த காசோலைகள் ஏப்ரலிலும் மேயிலும் வரிசையாக நின்றன. மருதமுனையில் தறி ஓட நூல் இல்லை, நெய்ததை வாங்க ஆள் இல்லை. ஓட்டோக்கள் முற்றத்தில் நின்றன. அறுகம்பேயில் சுற்றுலாப் பருவம் தொடங்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்த வருடம் பருவமே வரவில்லை.

அதற்குப் பிறகு அரசு உதவி என்று பல அறிவிப்புகள் வந்தன. சிறு வியாபாரிகளுக்கும் சுயதொழில் செய்பவர்களுக்கும் கணக்கு எழுதி, வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில் இருப்பதால் அந்த அறிவிப்புகளோடுதான் என் நாட்கள் போயின. வந்தவர்களில் அநேகமாக எல்லாரும் முதலில் கேட்டது வட்டி எத்தனை வீதம் என்று. முதல் தவணை எந்த மாதம் விழும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும் அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். இன்னொரு தொற்றோ வேறு ஏதாவது முடக்கமோ வந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக, அன்று கிடைத்தவற்றை அந்தக் கேள்வியை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

காரணம், இங்கே காசு வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. பெரும்போகம் விதைப்பது ஒக்டோபர், நவம்பரில். அப்போது விவசாயி காசை மண்ணில் போடுகிறார், கடைக்கு வருவது கடனுக்கு. அறுவடை முடிந்து நெல் விற்ற காசு பெப்ரவரி, மார்ச்சில் கடைத் தெருவுக்கு வரும். சிறுபோகக் காசு ஓகஸ்ட், செப்டெம்பரில் வரும். மாரி மழை இறங்கி வெள்ளம் நிற்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிப்பாக இருப்பதால் மீன்பிடிக்கிறவர்கள் கரையில் இருப்பார்கள். அவர்கள் கையில் காசு இல்லையென்றால் பலசரக்குக் கடைக்காரர் கையிலும் இல்லை, தையல் கடைக்காரர் கையிலும் இல்லை. வயலும் கடலும் இல்லாத குடும்பம் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் கடைசியில் வயலிலும் கடலிலும் இருந்து வரும் காசில்தான் பிழைக்கிறோம். ஆகவே கார்த்திகையில் தவணை தொடங்கும் கடனும் மாசியில் தவணை தொடங்கும் கடனும், வட்டி ஒன்றாக இருந்தாலும், ஒரே கடன் இல்லை.

முதலில் 5,000 ரூபா கொடுப்பனவு. இதில் யோசிக்க அதிகம் இல்லை, கிடைத்தால் வாங்க வேண்டியதுதான். 2020 ஏப்ரலிலும் மேயிலும் சமுர்த்தி என்ற அரச நிவாரணம் பெறும் குடும்பங்களுக்கும், அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டு வருமானம் இழந்தவர்களுக்கும், கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர் வழியாகக் கொடுத்தார்கள். 2021இலும் 5,000 வந்தது. அதே வருடம் ஓகஸ்டில் தொடங்கிய ஊரடங்குக் காலத்துக்கு 2,000 வந்தது. திருப்பிக் கட்டத் தேவையில்லாத ஒரே உதவி இதுதான். ஆனால் இது வீட்டு அடுப்புக்கான காசு, தொழிலுக்கானது இல்லை. கடை வாடகை, வேலையாள் சம்பளம், திகதி போட்ட காசோலை எதையும் இது தொடாது. கொடுத்ததும் குடும்பத்தைப் பார்த்துத்தான், தொழிலைப் பார்த்து இல்லை. இரண்டு பேரை வேலைக்கு வைத்துத் தையல் கடை நடத்திய பெண்ணை ‘கடை இருக்குதானே’ என்று பட்டியலிலிருந்து விட்டுவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கடை இருந்தது உண்மை. அதற்குள் ஒரு சதமும் வரவில்லை என்பதும் உண்மை. சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த வழிகாட்டிகளுக்கும் சாரதிகளுக்கும் தனிக் கொடுப்பனவு ஒன்று வந்தது. அறுகம்பேயில் பதியாமல் அதே வேலையைச் செய்த இளைஞர்களுக்கு அது எட்டவில்லை. 2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்திருக்கிறது. அடுத்த முறை உதவிப் பட்டியல் எழுதும்போது பெரும்பாலும் கையில் எடுக்கப் போவது அந்தத் தரவைத்தான். அதில் உங்கள் குடும்ப விபரம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடன் தவணை ஒத்திவைப்பு. ‘மொறட்டோரியம்’ என்று எல்லார் வாயிலும் புழங்கியது இதுதான். ஓட்டோ லீசிங்குக்கு 6 மாதம், சிறிய, நடுத்தரத் தொழில்களின் கடனுக்கு 6 மாதம், 10 இலட்சத்துக்குக் குறைந்த தனிநபர் கடனுக்கு 3 மாதம் என்று 2020 மார்ச்சில் அறிவித்தார்கள். சாவி கையில் இருக்கிறது, லீசிங்காரர் வண்டியைத் தூக்க மாட்டார் என்பதே அன்று பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. இதைப் பலர் அறியாமல் கையெழுத்து வைத்தார்கள். ஒரு ஓட்டோவுக்கு இன்னும் 3 இலட்சம் மீதி, வருட வட்டி 20 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபா வட்டி ஊறுகிறது. 6 மாதத்தில் 30,000. அது முதலோடு ஏறிவிட்டால் பிறகு அதற்கும் வட்டி. ஆகவே ஒத்திவைப்பை எடுக்கிறவர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதுதான்: ஊறும் வட்டியை நான் மாதா மாதம் கட்டிக்கொண்டு போகலாமா, முதலை மட்டும் தள்ளி வைக்க முடியுமா? மருந்துக்கும் சாமானுக்கும் ஓடி நாளுக்கு ஏதோ கொஞ்சம் கண்ட ஓட்டோக்காரருக்கு மாதம் 5,000 முடியாத காரியம் இல்லை. முழுத் தவணைதான் முடியாதது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி இருப்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஒத்திவைப்பு நீண்டுகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாசிக்குடாவையும் அறுகம்பேயையும் பார்த்தால் போதும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சுற்றுலாத் துறைக்கு ஒரு வருடச் சலுகை கொடுத்தார்கள். அது 2020 மார்ச்சில் முடிய வேண்டிய நேரத்தில் கொவிட் வந்தது. நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள், 2022 ஜூன் வரை போனது. மூன்று வருடம் ஊறிய வட்டி. அது முடியும் தறுவாயில், 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. விருந்தினர் விடுதிக்காரருக்குக் கடனும் பெருத்தது, வட்டியும் எகிறியது, எரிபொருள் வரிசையில் பயணிகளும் இல்லை. பெரிய கடன் வாங்கியவர்களின் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் போட வங்கிக்கு இடம் தரும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், பராட்டே என்று எல்லாரும் சொல்வது, அதன் பிறகுதான் ஊர்ப் பேச்சானது. அதை நிறுத்தி வைக்கச் சொல்லிப் போராடி, 2024இல் நிறுத்தி, 2025 மார்ச் வரை நீட்ட வேண்டி வந்தது. ஒத்திவைப்பை ஒருமுறை எடுக்கலாம். இரண்டாவது முறை நீட்டும்போது கட்டாயம் நின்று கணக்குப் பாருங்கள்.

இப்போது 4 வீதக் கடன். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் தூரத்திலிருந்து பார்க்க மிக நல்லதாகத் தெரிந்ததும் இதுதான், கிட்டப் போனால் மிகக் கவனமாகக் கையாள வேண்டியதும் இதுதான்.

மத்திய வங்கி ‘சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதி’ என்று இதற்குப் பெயர் வைத்தது. 50 பில்லியன் ரூபாவில் தொடங்கி மொத்தம் 150 பில்லியன் என்று விரித்தார்கள். தொழில் நடத்த நடைமுறை மூலதனம். வருட வட்டி 4 வீதம். அறிவித்த விதிப்படி 24 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும், அதில் முதல் 6 மாதம் சலுகைக் காலம். 4 வீதம் என்றதும் எல்லாருக்கும் கண் விரிந்தது, நியாயம்தான். தனியாரிடம் மாத வட்டிக்கு வாங்கிப் பழகிய கடைத்தெரு நம்முடையது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிற ஒரு அக்கா, பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிய கணக்கோடு வந்தார். ஒரு பக்கத்தில் வரவு, மறு பக்கத்தில் நூல், லைனிங் துணி, மின்கட்டணம், உதவிக்கு இருந்த பிள்ளையின் சம்பளம். எல்லாம் பென்சிலால்.

“நாலு வீதம் எண்டு எல்லாரும் சொல்றாங்க தம்பி. எடுத்தா மறுகா மாசம் எவ்வளவு கட்டணும்?”

சரியான கேள்வி. இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 5 இலட்சம் எடுத்தால் சலுகைக் காலத்து வட்டி 10,000 ரூபா. அப்புறம் மீதி 18 மாதத்துக்குள் முதல் முழுவதையும் கட்ட வேண்டும். மாதம் 27,778 ரூபா முதல், தொடக்க மாதத்தில் அதோடு 1,667 ரூபா வட்டி. ஆக 29,445 ரூபா. கடன் முடியும் வரை போகும் மொத்த வட்டி 26,000 ரூபாவுக்கும் குறைவு. இவ்வளவு மலிவான கடனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனால் மாதம் 29,445 என்பது அவருடைய கொப்பியில் நல்ல மாதத்தில்கூட மிஞ்சியதைவிட அதிகம்.

அதே 5 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு 5 வருடத் தவணையில் எடுத்தால் மாதம் 11,122 ரூபாதான். மொத்த வட்டி ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும், அது பெரிய தொகைதான். இருந்தாலும் மாதத் தவணையைக் கட்டி மூச்சு விட முடிகிற கடனா, மலிவாக இருந்தும் மூச்சை அடைக்கிற கடனா என்று பார்த்தால், சின்னத் தொழிலுக்கு முதலாவது மேல் என்பேன்.

அதைவிட முக்கியம் நாட்காட்டி. 2020 ஏப்ரலில் எடுத்த கடனுக்கு அந்த விதிப்படி ஏழாவது மாதம் ஒக்டோபர். விதைப்பு மாதம், மாரி தொடங்கும் மாதம். அந்த ஒக்டோபர் 4ஆம் திகதிதான் மினுவாங்கொடைக் கொவிட் கொத்தணி, அதாவது ஒரே இடத்திலிருந்து பலருக்குப் பரவிய தொற்று, வெளியே வந்தது. மாதம் முடிவதற்குள் பேலியகொட மீன் சந்தையை மூடினார்கள். இங்கிருந்து லொறியில் மீன் அனுப்பியவர்களின் காசு அங்கேயே நின்றது. நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி வந்து ஊர் முடங்கியது, வருடம் திரும்பும்போது காத்தான்குடி முடங்கியது. அடுத்த பெரும்போகத்தில் பார்த்துக்கொள்வோம் என்று இருந்தவர்களுக்கு 2021 மே மாத இரசாயன உரத் தடை வந்தது. தொற்றை யாரும் முன்கூட்டிக் காண முடியாது, சரி. ஆனால் ஒக்டோபரில் நம் பக்கத்தில் காசு இருக்காது என்பது யாருக்குத்தான் தெரியாது? கொழும்பில் இருந்து விதி எழுதியவர்களுக்கு அது தெரியாமல் போனதில் எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. சலுகைக் காலத்தை 6 மாதம், 9 மாதம் என்று ஒரே அளவில் வெட்டாமல் அறுவடை வரை என்று எழுதியிருந்தால் எத்தனையோ சின்னக் கடைகள் தாங்கியிருக்கும்.

அப்படியென்றால் 4 வீதக் கடன் யாருக்கு? திறந்த மறுவாரமே விற்றுக் காசாக்கக்கூடிய சரக்கு இருப்பவருக்கு. காசோலை திரும்பினால் கொழும்பு மொத்த வியாபாரியின் நம்பிக்கை போய்விடும் என்ற நிலையில் இருந்த புடவைக் கடைக்காரருக்கு இது சரியான மருந்து. சரக்கு ஏற்கெனவே கடைக்குள் இருக்கிறது, பெருநாள் தப்பினாலும் அடுத்த விசேஷத்துக்கு அது விலைபோகும். பலசரக்கு மொத்த வியாபாரம், மருந்துக் கடை, அரிசி ஆலை வைத்திருப்பவர்களும் எடுக்கலாம். மருதமுனை நெசவாளருக்கு, நூல் வாங்க மட்டும் சிறிய தொகையாக எடுத்தால் சரி, தறி பெருக்க எடுத்தால் ஆபத்து. விடுதி, அழகுக் கலை நிலையம், ஓட்டோ, கல்யாண மண்டபச் சமையல் போன்ற தொழிலில் போன நாள் போனதுதான். விற்காத நாளைச் சேர்த்து வைத்து அடுத்த மாதம் விற்க முடியாது. அவர்கள் இதை எடுக்காமல் ஒத்திவைப்போடு நிற்பது நல்லது.

இதற்கு இன்னொரு வாசலும் உண்டு: வங்கி உங்களைத் தொழிலாக ஏற்றுக்கொள்ள வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு கேட்பார்கள், வங்கிக் கணக்கில் விற்பனை ஓடியதைக் காட்டச் சொல்வார்கள், பிணையாளி கேட்பார்கள், கிரிப் அறிக்கை, அதாவது நீங்கள் பழைய கடன்களைக் கட்டிய வரலாறு, பார்ப்பார்கள். முழு வியாபாரத்தையும் கையில் காசாக நடத்தி, வங்கிக் கணக்கைச் சீட்டுக் காசுக்கு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

லண்டனிலும் டொரன்டோவிலும் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு என்பதால், அங்கே என்ன நடந்தது என்று எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். பிரித்தானியாவில் சுயதொழில் செய்பவர்களுக்கு முதல் சுற்றில் சராசரி மாத இலாபத்தின் 80 வீதத்தை மூன்று மாதத்துக்குக் கணக்கிட்டு, அதிகபட்சம் 7,500 பவுண்ட் என்று, கடனாக இல்லாமல் மானியமாகவே கொடுத்தார்கள். வரித் திணைக்களம் பழைய வரி விபரத்தை எடுத்துப் பார்த்தே தகுதியை முடிவு செய்தது. கனடாவில் சிறுதொழிலுக்கு 40,000 டொலர் வட்டியில்லாக் கடன் கொடுத்து, குறித்த திகதிக்குள் மீதியைக் கட்டினால் 10,000 டொலரைத் தள்ளுபடி செய்தார்கள். நம் அரசிடம் அந்தப் பணம் இல்லை, அது வேறு கதை. நாம் பார்க்க வேண்டியது, பிரித்தானியாவிலும் வரியில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்த டாக்ஸிக்காரருக்கு மானியமும் குறைந்துதான் வந்தது. எழுதி வைத்த கணக்குத்தான் அங்கேயும் இங்கேயும் பேசியது.

நகை அடகை அரசு உதவி என்று பலர் நினைப்பதில்லை. ஆனால் 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி வங்கிகளின் அடகு வட்டிக்கு வருடம் 10 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. சின்னத் தொழில் செய்யும் பெண்களுக்கு அந்த ஒரு கட்டளை 4 வீதக் கடனைவிட அதிகம் உதவியது என்பது என் கருத்து. படிவம் இல்லை, பிணையாளி இல்லை, கிரிப் இல்லை. ஒரு இலட்சத்துக்கு அன்று வருடம் 10,000தான் வட்டி. முக்கியமாக, மாதத் தவணை கிடையாது. காசு வரும் மாதத்தில் கொஞ்சம் கட்டலாம், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாம். நம் பருவத்தோடு ஒத்துப்போகும் ஒரே கடன் இதுதான். அந்தத் தையல் அக்கா கடைசியில் சங்கிலியை அரச வங்கியில் வைத்து, துணியும் இலாஸ்டிக்கும் வாங்கி முகக்கவசம் தைக்கத் தொடங்கினார். நகை கழுத்தில் இல்லை என்று உறவுக்குள் நாலு பேர் கேட்டார்கள்தான். “கேக்கட்டும், கடை நிக்குதே” என்றார்.

எல்லாருக்கும் நகை இல்லை. போரிலும் 2004 சுனாமியிலும் இருந்ததை இழந்த குடும்பங்கள் எத்தனை! அந்த இடத்தில்தான் குழுக் கடன் வந்து நிற்கிறது, வாராவாரம் வீட்டு வாசலில் வசூலுக்கு வரும் நுண்கடன். முடக்கக் காலத்தில் புதிதாக இதை எடுக்கவே வேண்டாம் என்று திட்டமாகச் சொல்வேன். வார வருமானம் நின்றுபோன நேரத்தில் வாரத் தவணைக் கடன் எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. ஏற்கெனவே எடுத்திருந்தால், கொடுத்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற நுண்நிதிக் கம்பனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒத்திவைப்புக் கட்டளை அனுமதி பெற்றவர்களைத்தான் கட்டுப்படுத்தும். மற்றவர்கள் ஊரடங்கு தளர்ந்த மறுநாளே வாசலுக்கு வந்தார்கள், முடக்கத்தில் விட்டுப்போன தவணைகளையும் சேர்த்துக் கேட்டார்கள். வாகரை, கிரான் பக்கத்துப் பெண்கள் இதில் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிக் கட்டுரை. இப்படியானவர்களுக்கு என் யோசனை: வெளியே கடன் தேடுவதற்கு முன் ஊரில் உள்ள பெண்கள் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பங்குக்கு என்ன கடன் வரும் என்று கேளுங்கள். தொகை சிறிதாக இருக்கும். ஆனால் கேட்கிறவர் உங்கள் ஊர்க்காரர், மாரியில் ஏன் கட்ட முடியவில்லை என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆக, நான் சொல்லும் ஒழுங்கு இப்படி வரும். கொடுப்பனவு கிடைத்தால் எல்லாரும் வாங்குங்கள். ஓட்டோ, விடுதி, சேவைத் தொழில் செய்பவர்கள் ஒத்திவைப்பை ஒருமுறை எடுத்து, முடிந்தால் வட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள். கையில் விலைபோகும் சரக்கு உள்ளவர்கள் மலிவு வட்டிக் கடனைத் தேவையான அளவுக்கு மட்டும் எடுங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள், நகை இருந்தால், அரச வங்கி அடகைக் கடனுக்கு முன்னால் வையுங்கள். வேலையாட்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2020 மேயில் தொழிலாளர், முதலாளிமார், அரசு மூன்று தரப்பும் பேசி, வேலை இல்லாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் கூடியதைக் கொடுப்பது என்று உடன்பட்டார்கள். அடுத்த முறையும் இப்படி ஒன்று வரலாம். கடன் தொகையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முடக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு போனால் முடிகிற வேலை. விற்பனைக் காசில் ஒரு பங்கையாவது வாராவாரம் வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள். கொப்பியில் பென்சிலுக்குப் பதில் பேனையால் எழுதுங்கள். மாதத்துக்கு மாதம் வரவு எப்படி ஏறி இறங்குகிறது என்று அந்தக் கொப்பியில் இருந்தால், வங்கியில் உட்கார்ந்து, “முதல் தவணையை ஒக்டோபரில் போடாதீர்கள், பெப்ரவரியில் போடுங்கள்” என்று காரணத்தோடு கேட்கலாம். முகாமையாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இலக்கத்தில் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.